உங்களுக்குத் தெரியுமா? வாசலில் நிற்கும் காவலருக்கும் ஒரு சட்டம் உண்டு

கான்சாபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் ராஜபாளையம் மில் வாசலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை அனுப்பும் ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் சட்டம் வகுத்த கட்டணம் 5,000 ரூபாய். ராஜபாளையமும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே வருவதால் இரண்டு ஊருக்கும் அதுவே போதும்.

காவலருக்கு வயது 18 முடிந்திருக்க வேண்டும், 65-ஐ எட்டியிருக்கக் கூடாது. நன்னடத்தைச் சரிபார்ப்பும் பயிற்சியும் கட்டாயம். மத்திய அரசின் 2006 மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பையும் 60 மணி நேரக் களப்பயிற்சியையும் கேட்டன. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் பயிற்சி நேரம் குறைவு. தீயணைப்பு, முதலுதவி எல்லாம் பயிற்சியில் அடக்கம். யூனிஃபார்மைக் கொடுத்து அன்றிரவே கேட்டில் நிறுத்துவது அந்த மனிதருக்கே ஆபத்து, சட்டத்துக்கும் விரோதம்.

போலீஸ் உடையை ஒத்த சீருடை அணிவதும் குற்றம். அதற்குக் காவலர் மட்டுமல்ல, ஏஜென்சி உரிமையாளரும் தண்டனைக்கு உள்ளாவார். நியாயமான ஏற்பாடு. அந்த உடையை மாட்டிவிடுவது பெரும்பாலும் முதலாளிதானே!

பணியில் இருக்கும் காவலர் புகைப்பட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி.