நீரடிக் குகை அளவீட்டில் உயரப் பிழை

நீரடிக் குகை அளவீட்டில் உயரப் பிழை என்பது, நீரில் மூழ்கிய குகையொன்றின் வரைபடத்தில் அளவைப் புள்ளிகளின் உயரம் உண்மை உயரத்திலிருந்து வேறுபட்டுக் காணப்படுவதாகும். சர்வெக்சு, தேரியன் முதலிய கட்டற்ற மென்பொருள்கள், மூழ்காளர்கள் திரட்டிய தரவுகளிலிருந்து முப்பரிமாண வரைபடத்தை ஆக்குகின்றன. உள்ளிடும் எண் தவறானால் வரைபடமும் தவறாகும்.

முக்கியத்துவம்

2018 ஆம் ஆண்டு தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்றுநரும் வெள்ளத்தால் சிக்கியபோது, மலையின் மேலிருந்து துளையிட்டு அவர்களை அடையும் வழியும் ஆராயப்பட்டது. அத்தகைய முயற்சிக்குக் குகையின் கிடைநிலை அமைவிடம் மட்டும் போதாது. அதன் உயரமும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அளவிடும் முறை

உலர்ந்த குகையில் இரு புள்ளிகளுக்கிடையேயான நீளம், திசை, சாய்வு ஆகியன அளக்கப்படுகின்றன. நீரடியில் சாய்வுக்கு மாற்றாக, இரு புள்ளிகளின் ஆழமும் ஆழமானியால் குறிக்கப்படுகிறது. ஆழமானி உண்மையில் அளப்பது அழுத்தத்தையே. அதிலிருந்தே ஆழம் கணிக்கப்படுகிறது. குகை வாயிலின் நீர்ப்பரப்பு உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் புள்ளியின் உயரம் கிடைக்கும்.

வாயில் உயரமும் கடல் மட்டமும்

ஜி.பி.எஸ். முறையில் அடிப்படையாகப் பெறப்படும் உயரம், புவியின் வடிவத்துக்கு அண்மையான ஒரு கணித நீள்கோளப் பரப்பிலிருந்து கணக்கிடப்படுவது. நிலப்படங்களில் உள்ள உயரமோ சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது. புவியீர்ப்பு எங்கும் சீராக இல்லாமையால் இவ்விரு பரப்புகளும் ஒன்றுவதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டப் பரப்பு நீள்கோளத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்துள்ளது. உலகிலேயே மிகத் தாழ்ந்த பகுதி இதுவே.

இதன் தாக்கம் தென் தமிழகத்திலும் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதியில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 90 மீட்டர் ஆகும். கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர் உயரமுள்ள ஓரிடம், திருத்தப்படாத அளவீட்டில் 60 மீட்டர் அளவிலேயே தோன்றும். இப்பிழை, 192 அடி உயரமுள்ள திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் இராசகோபுரத்தைப் போல் ஒன்றரை மடங்காகும். இம்மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டு, நைசு போன்ற கடினப் பாறைகளால் ஆனவை. நீண்ட நீரடிக் குகைகள் உருவாகும் சுண்ணக்கல் நிலம் அன்று. எனினும் கிணறு, கண்மாய், குவாரி என எதை அளந்தாலும் இதே திருத்தம் தேவைப்படும்.

கையடக்கக் கருவிகள் பல இத்திருத்தத்தைத் தாமே செய்துவிடுகின்றன. அவற்றின் அளவீட்டை மீண்டும் திருத்தினால், அதே அளவு பிழை எதிர்த்திசையில் உண்டாகும்.

பிழையைக் கண்டறிதல்

பிழையின் தோற்றத்தைக் கொண்டே அதன் காரணத்தை ஊகிக்கலாம்.

குகை முழுவதும் ஒரே அளவில் உயர்ந்தோ தாழ்ந்தோ இருத்தல்: வாயிலின் உயரம் தவறு. மேற்கூறிய நீள்கோள வேறுபாட்டை முதலில் ஐயுற வேண்டும்.

குகை தலைகீழாகத் தோன்றுதல்: ஆழத்தின் குறி மாறியுள்ளது. ஆழத்தை நேர் எண்ணாகக் கொள்வதா எதிர் எண்ணாகக் கொள்வதா என்பது நிரலின் அமைப்பைப் பொறுத்தது.

ஆழத்துக்கேற்பப் பிழை பெருகுதல்: ஆழங்கள் 3.28 மடங்கு பிழைத்திருந்தால் அடியும் மீட்டரும் கலந்துள்ளன. இரண்டு மூன்று விழுக்காடு மட்டுமே எனில் நீரின் அடர்த்தியே காரணம். கடல்நீருக்கு அமைக்கப்பட்ட ஆழமானி, நன்னீரில் 40 மீட்டர் ஆழத்தை ஏறத்தாழ 39 மீட்டராகக் காட்டும்.

வெவ்வேறு நாள்களின் அளவீடுகள் படிபோல் விலகுதல்: இடைப்பட்ட காலத்தில் நீர்மட்டம் மாறியுள்ளது. வாயிலில் நிலையான குறி ஒன்றை இட்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து நீர்மட்டத்தைப் பதிந்தால் இதனைத் திருத்தலாம்.

ஒரு பகுதியில் மட்டும் முரண்பாடு: இரு புள்ளிகளின் ஆழ வேறுபாடு அவற்றுக்கிடையேயான கயிற்று நீளத்தைவிட மிகுதியாக இருக்க இயலாது. நீளம் 5 மீட்டர், ஆழ வேறுபாடு 8 மீட்டர் எனில் அவற்றுள் ஒன்றேனும் தவறானது.

சுற்று மூடல்

கிளைகள் மீண்டும் இணையும் குகையில், தொடங்கிய புள்ளிக்கே திரும்பும்போது எஞ்சும் வேறுபாட்டை மென்பொருள் எல்லாப் புள்ளிகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. சிறு அளவைப் பிழைகளுக்கு இது பொருந்தும். பெருந்தவறு ஒன்று இருந்தால், பகிர்வு அதனைச் சரியான புள்ளிகளுக்கும் பரப்பி மறைத்துவிடும். எனவே சுற்றை மூடுமுன் மூலக் குறிப்பேட்டுடன் தரவுகளை ஒப்பிட்டுத் தவறுகளை நீக்குதல் வேண்டும். சுற்று சரியாக மூடினாலும் வாயிலின் உயரம் சரியென்று பொருளாகாது. அதனைத் தனியே சரிபார்க்க வேண்டும்.