முகவர் யாருடைய ஆள்?

வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் காரைக்குடிப் பகுதிப் பெற்றோர் பலர், 'ஏஜென்ட் நம்பகமானவர்தானா?' என்று என்னிடம் கேட்பதுண்டு. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: 'அவருக்குப் பணம் கொடுப்பது யார்?'

செட்டிநாட்டுக்கு முகவர் என்ற சொல் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், தங்கள் கடைகளுக்கு முகவர்களை அனுப்பினர். பொதுவாக மூன்றாண்டுத் தவணை. ஊதியத்தில் ஒரு பகுதி முன்பணம். லாபத்தில் பங்கும் உண்டு. கடல் கடந்து செல்பவருக்கு முதலாளி பணம் கொடுத்த முறை அது.

இதற்கு நேர்மாறான முறையும் அக்காலத்தில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி, பயணச் செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதினார். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமெனில், கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும். 1921-இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இன்றைய நடைமுறை கங்காணி முறைக்கே நெருக்கமானது. ஆள் விமானம் ஏறியதும் முகவரின் வரவு முடிந்துவிடுகிறது. சென்றவரின் சிக்கலோ அங்குதான் தொடங்குகிறது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில் 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கினால், வட்டி மட்டுமே மாதம் 4,000 ரூபாய். பேசிய சம்பளம் கிடைக்காவிட்டாலும், அந்தக் கடனே அவரை ஊர் திரும்பவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே சேவைக் கட்டணமாகப் பெறலாம். ஊரில் வந்து பணம் வசூலிக்கும் துணை முகவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

படித்த இளைஞர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பட்டதாரிக்கு அது தேவையில்லை. ஆகவே, அவருடைய ஒப்பந்தத்தை அரசு அலுவலர் எவரும் பார்ப்பதில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்றவர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டது இந்த இடைவெளியில்தான். 2022 அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். 2025 மார்ச்சில் இந்தியர்கள் 549 பேரை விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. நம் முன்னோர் முதலாளியின் செலவில் சென்ற அதே பர்மாவுக்கு, இன்றைய இளைஞர் சொந்தப் பணம் கட்டிச் சிறைப்பட்டனர்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை சில. மத்திய அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் முகவரின் பதிவு எண் செல்லத்தக்கதா என்று பாருங்கள். முதலாளியின் பெயர், சம்பளம், வேலை நேரம் ஆகியவை கொண்ட ஒப்பந்தத்தைப் புறப்படும் முன்பே வாங்குங்கள். வங்கி வழியாக மட்டும் பணம் செலுத்தி ரசீது பெறுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் மேலும் பேச வேண்டியதில்லை. 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம்.

எனினும், தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே 1997-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கையின் பொது விதி. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஆள் தேவைப்படும் முதலாளியே செலவை ஏற்க வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கொள்கையும் அன்று; நூறாண்டுகளுக்கு முன்பே செட்டிநாட்டுக் கடைகள் அப்படித்தான் ஆள் அனுப்பின. அதைச் சட்டமாக்குவது மத்திய அரசின் கடமை.