இலைக்குள் ஒரு தொட்டி

தண்ணீர் அதிகம் கேட்காத ப்ரோமிலியாட் நகரவாசிகளைக் கவர்கிறது. கவனிக்காமல் விட்டால் கொசுவையும் கவரும்.

2024 மார்ச்சில் பெங்களூர் பால்கனிகளில் பூந்தொட்டிகள் திடீரென்று குற்றவாளிகளாயின. ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிகளுக்காக மக்கள் காத்துக்கிடந்த நேரம். தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் ரூ. 5,000 அபராதம் என்று அறிவித்தது நகரின் குடிநீர் வாரியம். ஆறு மாதம் கழித்து, செப்டம்பரில், கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்தது. தேங்கிய நீரில் கொசு வளர விட்டால் அதற்கும் அபராதம்.

இந்த இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவில் நிற்கிறது ப்ரோமிலியாட். முதல் உத்தரவுக்கு ஏற்ற அலங்காரச் செடிகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. இரண்டாவதைப் பொறுத்தவரை, வளர்ப்பவர் அசட்டையாக இருந்தால் இதுவே வில்லன்.

பெயர்தான் புதிது. குடும்பம் பழக்கமானது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அன்னாசி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதில் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒரே ஒரு இனத்தைத் தவிர மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை.

சிக்கனத்தில் இவை கில்லாடிகள். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும்போது ஈரத்தை இழக்கின்றன. வறட்சி தாங்கும் ப்ரோமிலியாட்கள் துளைகளை இரவில் திறக்கின்றன. அப்போது சேமித்த கரியமில வாயுவைப் பகலில், கதவை மூடிக்கொண்டு உணவாக்குகின்றன. ஏக்மியா, பில்பெர்ஜியா, நியோரெஜீலியா போன்றவற்றின் இலைகள் ஒன்றையொன்று தழுவி, நடுவில் கிண்ணம் போல் குழிந்திருக்கும். அதில் தேங்கும் நீரை இலைகளில் உள்ள நுண்ணிய செதில்கள் உறிஞ்சிக்கொள்ளும். வேரின் முக்கிய வேலை செடியைப் பிடித்து நிறுத்துவதுதான்.

வளர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். ரோஜாவுக்குப் போல மண்ணை தினமும் நனைத்தால் அடிப்பகுதி அழுகிவிடும். சிறிய தொட்டி, தேங்காய் மட்டைத் துண்டு, கரி, செங்கல் ஜல்லி, கொஞ்சம் ஆற்று மணல் போதும். வெளிச்சம் நிறைய வேண்டும். உச்சி வெயில் ஆகாது, இலை கருகும். உரத்தை வழக்கமான அளவில் கால் பங்காக நீர்த்துத் தர வேண்டும். மழை நீர் உத்தமம். ஆர்.ஓ. எந்திரம் கழிக்கும் நீரை மிச்சம் பிடித்து ஊற்றுவது நல்ல எண்ணம்தான், ஆனால் அதிலுள்ள உப்பு இலையில் படிந்து செதில்களை அடைத்துவிடும். பூஞ்சைக்கு அடிக்கும் தாமிர மருந்துகள் இதற்கு விஷம்.

இனி கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு சாக்கடை தேவையில்லை. கிண்ணத்தில் தேங்கிய தெளிந்த நீரே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகலாம். 2016ல் ஜிகா வைரஸ் பரவியபோது அமெரிக்காவின் மயாமி பீச் தாவரவியல் பூங்காவிலிருந்து ப்ரோமிலியாட்கள் அப்புறப்படுத்தப்பட்டன.

இந்தியாவில் பால்கனிக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை, நாள் தவறாமல், தொட்டியைச் சாய்த்துப் பழைய நீரை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் ஊற்றினால் கொசுவின் கணக்கு தப்பிவிடும். மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தொட்டியைத் தூக்க முடியாதவர்கள் குழாய் நீரைப் பாய்ச்சிக் கிண்ணத்தை அலசலாம். அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு டிக்கியா இருக்கிறது. பிரேசில் பக்கத்துச் செடி. தடித்த, முள் நிறைந்த இலைகள். கிண்ணம் கிடையாது. வெயிலையும் வறட்சியையும் தாங்கும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் மட்டும் வைக்கக்கூடாது.

பூவிலும் ஒரு விசித்திரம். ஒரு செடி அநேகமாக ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூ மாதக்கணக்கில் நிற்கும். பிறகு தாய்ச்செடி மெல்ல வாடும். ‘செத்துவிட்டது’ என்று அவசரப்பட்டுப் பிடுங்கி எறிகிறவர்கள் அடியில் முளைத்திருக்கும் பக்கக்கன்றுகளையும் சேர்த்து எறிகிறார்கள். கன்று, தாயின் உயரத்தில் பாதி வந்ததும் வெட்டித் தனியே நடலாம். முதிர்ந்த செடி பூக்க மறுத்தால் கிண்ணத்து நீரை வடித்து, பழுத்த ஆப்பிளோடு ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில் மூடி, நிழலில் வைப்பது பழைய உத்தி. பழம் வெளியிடும் எதிலீன் வாயு பூவைத் தூண்டும்.

கவிழ்த்த நீரும் வீணாக வேண்டாம். பக்கத்துத் தொட்டிக் கறிவேப்பிலையின் மண்ணில் ஊற்றலாம். மண் உறிஞ்சிவிட்டால் கொசுப்புழு பிழைக்காது. ஒரே கிண்ணம் நீரில் இரண்டு செடி, அபராதமும் இல்லை.