மூன்றாம் பேஸில் புரூக்ஸ் ராபின்சன்

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் கணக்கெழுதுகிறவருக்கு உள்ள மரியாதை, ஆடுகிறவருக்கு உள்ளதற்கு அதிகமாய்க் குறைந்ததல்ல. பந்தெறியும் பிட்சருக்கு 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு 2, முதல் பேஸில் நிற்பவருக்கு 3, இரண்டாம் பேஸ்காரருக்கு 4, மூன்றாம் பேஸ்காரருக்கு 5, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு 6 என்று இவ்விதமாக ஒன்பது பேருக்கும் ஒன்பது இலக்கங்களைக் கொடுத்து, மைதானத்தில் நிகழ்வது அனைத்தையும் அவ்விலக்கங்களாலேயே எழுதி முடித்துவிடுகிறார்கள். தரையோடு வந்த பந்தை மூன்றாம் பேஸ்காரர் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து, அடித்தவரை அவுட்டாக்கினால், புத்தகத்தில் ஏறுவது 5-3 என்ற குறிப்பு ஒன்றே. பந்து சாவதானமாக உருண்டு கையில் வந்து சேர்ந்திருந்தாலும் 5-3 தான். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பாய்ந்து பிடித்து, உடல் ஒரு திக்கில் போக, கை மறு திக்கில் எறிந்திருந்தாலும் 5-3 தான். 1970-ஆம் ஆண்டு பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி பட்டம் வென்றபோது அதன் மூன்றாம் பேஸ்காரராயிருந்த புரூக்ஸ் ராபின்சனுடைய கணக்கைப் படிக்கப் புகுகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் சங்கடம் இதுவே. மட்டையால் அவர் செய்ததைப் புத்தகம் ஒன்று விடாமல் சொல்கிறது. கையுறையால் செய்ததைப் பற்றி அநேகமாக மௌனமாயிருக்கிறது.

மைதானத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். கிரிக்கெட்டில் மட்டைக்காரர் எந்தத் திக்கிலும் பந்தை அடிக்கலாம். பேஸ்பாலிலோ, ஹோம் எனப்படும் அவருடைய நிலையிலிருந்து செங்கோணமாக விரிந்து செல்லும் இரண்டு கோடுகளுக்கு உட்பட்டே பந்து செல்லவேண்டும். அவற்றுக்கு வெளியே சென்றால் ஃபவுல். அந்தக் கோணத்தினுள் பக்கத்துக்கு 90 அடியாக ஒரு சதுரம். ஹோம் நீங்கலான அதன் மூன்று முனைகளிலும், மட்டைக்காரரின் வலப்புறத்திலிருந்து தொடங்கி, முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்கள் அமைந்திருக்கும். உருண்டோடும் பந்தை யாரேனும் எடுத்து முதல் பேஸுக்கு அனுப்புவதற்குள் அடித்தவர் அங்கே கால் வைத்துவிட வேண்டும். நான்கு முனைகளையும் சுற்றி ஹோமுக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம்.

இந்த அமைப்பில் மூன்றாம் பேஸின் விசேஷம் இரண்டு தூரங்களில் அடங்கியிருக்கிறது. மட்டைக்கும் அங்கே நிற்பவருக்கும் இடையே ஏறக்குறைய 90 அடிதான். அவர் பந்தை எறியவேண்டிய முதல் பேஸோ, சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அப்புறம், 127 அடிக்கு அப்பால் இருக்கிறது. பந்து வருவதற்குக் கிட்டிய இடம், அதை அனுப்புவதற்கு எட்டிய இடம். மணிக்கு 100 மைல் வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பும் பந்து வினாடிக்கு 146 அடி கடக்குமாதலால், முக்கால் வினாடிக்குள் அவரிடம் வந்துவிடும். வலக்கை மட்டைக்காரர் ஒருவர் முதல் பேஸை அடைய நான்கேகால் வினாடி போலப் பிடிக்கும். பந்து வந்த நேரத்தையும், அது காற்றில் முதல் பேஸுக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய ஒன்றேகால் வினாடியையும் இதில் கழித்துவிட்டால், பிடிப்பது, கையுறையிலிருந்து எடுப்பது, திரும்புவது, எறிவது ஆகிய இத்தனைக்கும் மிஞ்சுவது இரண்டு வினாடியும் சொச்சமும். ஒரு தடுமாற்றத்துக்கு அதில் இடமில்லை. பந்து மெதுவாக உருண்டு வந்தாலோ கஷ்டம் குறைவதற்குப் பதிலாக அதிகமாகிறது. வழியிலேயே அது இரண்டு வினாடியைத் தின்றுவிடுகிறபடியால், காவலர் எதிரே ஓடிச்சென்று குனிந்து எடுத்து, நிமிராமலே எறிந்தாக வேண்டும்.

இத்தகைய ஸ்தானத்துக்கு ராபின்சன் எந்த விதத்தில் தகுதியுள்ளவர் என்று, அவர் ஓடுவதை மட்டும் பார்த்தவர்கள் சந்தேகித்திருக்கலாம். ஆர்க்கன்ஸா மாகாணத்தின் லிட்டில் ராக் நகரில் 1937-இல் பிறந்து, 1955 முதல் 1977 வரையில் 23 பருவங்களையும் பால்டிமோர் என்ற ஒரே அணிக்காக ஆடி முடித்த அவர், அத்தனை காலத்தில், அடி விழக் காத்திராமல் ஓடித் திருடிய பேஸ்கள் 28 மட்டுமே. ஒரே அடியில் தம் அணியார் மூவரை அவுட்டாக்கிய துரதிருஷ்டம், வேறெவருக்கும் நேராத வண்ணம், அவருக்கு நான்கு முறை நேர்ந்தது. தோள் வலிமையிலும் அவரை மிஞ்சியவர்கள் பலர் உண்டு. ஆனால் பந்து கையுறைக்குள் விழுவதற்கும் அதை விட்டு வெளியே பறப்பதற்கும் நடுவே அவருக்குச் சென்ற நேரம் மிகச் சொற்பம். மேலும், பந்தை வலக்கையால் எறிந்து, மட்டையையும் வலக்கைக்காரராகவே பிடித்த ராபின்சன், எழுதுவதோ இடக்கையால். 1971-இல் நார்மன் ராக்வெல் தீட்டிய ஓர் ஓவியத்தில் அவர் சிறுவன் ஒருவனுக்குப் பந்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். எழுதுகோல் இடக்கையிலேதான் இருக்கிறது. வலக்கையால் எறிகிறவர்கள் கையுறையை இடக்கையில் அணிகிறார்கள். மற்றவர்கள் தங்களுடைய பழகாத கையால் பந்தைப் பிடிக்க, இவர் சுபாவமாகவே சுறுசுறுப்புள்ள கையால் பிடித்தார் என்பதில் ரகசியத்தின் ஒரு பகுதியேனும் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

1970-ஆம் வருஷத்துச் சாதாரணப் பருவத்தில் மட்டைக்காரராக அவருடைய கணக்கு கௌரவமானது, அபூர்வமானது அல்ல. 158 ஆட்டங்களில் 608 முறை மட்டை பிடித்து 168 ஹிட்டுகள், அதாவது பத்திரமாய்ப் பேஸில் சேர்த்த அடிகள். அவற்றுள் 18, ஒரே அடியில் நான்கு முனைகளையும் சுற்றிவரச் செய்யும் ஹோம் ரன். அவர் அடிகளால் அணிக்குச் சேர்ந்த ஓட்டங்கள் 94. ஹிட்டுகளை மட்டை பிடித்த தடவைகளால் வகுத்து மூன்று தசம ஸ்தானங்களுக்குச் சொல்லும் சராசரியே பேஸ்பாலில் பிரதானமான அளவுகோல். .300 என்பது மிக நல்ல ஆட்டக்காரரின் அடையாளம், ராபின்சனுக்குக் கிடைத்தது .276. ஏர்ல் வீவர் என்ற கோபக்கார நிர்வாகியின் கீழ் அவ்வணி 162 ஆட்டங்களில் 108-ஐ வென்றது. முந்தின வருஷத்திலும் 109 வெற்றிகளோடு வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடருக்குச் சென்று, நியூயார்க் மெட்ஸிடம் யாரும் எதிர்பாராத வகையில் தோற்றிருந்தது. அந்தத் தொடரில் ராபின்சன் 19 தடவை மட்டை பிடித்து ஒரே ஒரு ஹிட் அடித்தார். அந்த ஒன்று அவர் மனத்தில் ஓராண்டு முழுவதும் எவ்வாறு தங்கியிருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1970-இல் லீக் பட்டத்துக்காக மினசோட்டா அணியுடன் நடந்த மூன்று ஆட்டங்களில் 12-க்கு 7 ஹிட் அடித்து அவர் கணக்கைத் தீர்க்க ஆரம்பித்தார்.

இறுதித் தொடரில் எதிர்ப்பட்ட சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் பலமே மூன்றாம் பேஸ்காரரின் பலவீனத்தைச் சோதிப்பதற்கென்று அமைந்ததுபோல் இருந்தது. அந்தப் பருவத்தில் ஜானி பெஞ்ச் 45, டோனி பெரஸ் 40, லீ மே 34 என்று ஹோம் ரன்களைக் குவித்திருந்த மூவரும் வலக்கை மட்டைக்காரர்கள். வலக்கைக்காரர் பலங்கொண்ட மட்டும் இழுத்தடித்தால் பந்து இயல்பாகவே மூன்றாம் பேஸை நோக்கிப் போகும். போதாக்குறைக்கு, அவர்களுடைய ரிவர்ஃபிரண்ட் மைதானத்தில் புல்லுக்குப் பதிலாகச் செயற்கை விரிப்பு. வேர்ல்ட் சீரீஸ் ஆட்டங்கள் அத்தகைய தரையில் நடந்தது அதுவே முதல் தடவை. புல் பந்தின் வேகத்தைச் சிறிது வாங்கிக்கொள்ளும். விரிப்போ வாங்கிய வேகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

அக்டோபர் 10-ஆம் தேதி நடந்த முதல் ஆட்டத்தில், தம்மிடம் வந்த முதல் பந்தையே ராபின்சன் தவறாக எறிந்தார். அது எரர், அதாவது பிழை என்று பதிவாயிற்று. ஆறாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது இரு அணிகளும் மூன்று ஓட்டங்களுடன் சமமாக நின்றன. லீ மே அடித்த பந்து மூன்றாம் பேஸின் மேலாக, கோட்டை ஒட்டித் துள்ளிப் பாய்ந்தது. அது அப்படியே போயிருந்தால் இடது மூலைக்குச் சென்று அவரை இரண்டாம் பேஸில் நிறுத்தியிருக்கும். ராபின்சன் வலப்புறம் இரண்டோர் எட்டு ஓடி, இடக்கையைத் தம் உடலுக்குக் குறுக்கே நீட்டிப் புறங்கையாகப் பந்தை அள்ளினார். அப்போது அவர் கோட்டைத் தாண்டி ஃபவுல் பிரதேசத்துக்குள் இருந்தார். உடலோ இன்னும் முதல் பேஸுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. நின்று திரும்ப அவகாசமில்லை. போகிற போக்கிலேயே சுழன்று, தோளுக்குக் குறுக்காக விட்டெறிந்த பந்து நெடுந்தூரம் சென்று, விரிப்பின்மேல் ஒரே ஒரு துள்ளல் துள்ளி, முதல் பேஸில் நின்ற பூக் பவல் கைக்கு வந்தது. மே ஓரடி பிந்திவிட்டார்.

5-3. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்கவேண்டும். அவருக்குப் பின் வந்த பெர்னி கார்போ நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸை அடைந்தார். அவருக்கும் பின் வந்த டாமி ஹெல்ம்ஸ் ஹிட் அடித்தார். மே பேஸில் இருந்திருந்தால் ரெட்ஸ் முன்னேறியிருக்கக்கூடிய சந்தர்ப்பம் அது. அடுத்த இன்னிங்ஸில் ராபின்சனே ஹோம் ரன் அடித்து 4-3 ஆக்க, ஆட்டம் அதே எண்ணிக்கையில் முடிந்தது. புத்தகத்தைப் பார்ப்பவர்கள் அந்த ஹோம் ரன்னால் வென்றதாகச் சொல்வார்கள். அதற்குச் சமமான ஓட்டம் ஒன்று அவருடைய கையுறையில் அடங்கியிருந்ததென்று சொல்வதற்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

இரண்டாவது ஆட்டம் 6-5 என்று பால்டிமோருக்கு. மூன்றாவது ஆட்டம் பால்டிமோரில் நடந்தது. அதில் டேவ் மக்நாலி என்ற பிட்சர், பேஸ்கள் நிறைந்திருக்கையில் ஹோம் ரன் அடித்து, எந்தப் பிட்சரும் வேர்ல்ட் சீரீஸில் செய்யாததைச் செய்தபோதிலும், அன்றைப் பேச்செல்லாம் ராபின்சனைப் பற்றியதாகவே இருந்தது. முதல் இன்னிங்ஸில் இரண்டு எதிரிகள் பேஸில் நிற்கையில் பெரஸ் அடித்த துள்ளு பந்தை எட்டிப் பிடித்து, மூன்றாம் பேஸை மிதித்து, முதல் பேஸுக்கும் எறிந்து இருவரை ஒருங்கே அவுட்டாக்கினார். ஆறாவதில் பெஞ்ச் அடித்து நேராய்ச் சீறிவந்த பந்தை இடப்புறம் பாய்ந்து தரையோடு தரையாக விழுந்து பிடித்தார். புகைப்படங்களில் இன்றும் காணக் கிடைப்பது இத்தகைய பாய்ச்சல்களே. என் அபிப்பிராயத்திலோ, அன்றைய ஆட்டத்தின் சிறந்த வேலை இரண்டாவது இன்னிங்ஸில் ஹெல்ம்ஸ் மெதுவாக உருட்டிய பந்தை அவர் எதிரோடிச் சென்றெடுத்து, ஓட்டத்தை நிறுத்தாமலே எறிந்து அவுட்டாக்கியது. பாய்ந்து பிடிப்பதில் அதிருஷ்டத்துக்கும் ஒரு பங்குண்டு. வினாடிகளை முன்கூட்டியே எண்ணிவைத்திருப்பவருக்கே மெதுவான பந்து வசப்படும்.

நான்காவது ஆட்டத்தில் அவர் நான்கு முறை மட்டை பிடித்து நான்கிலும் ஹிட் அடித்தார். அதில் ஒன்று ஹோம் ரன். ஆயினும் எட்டாவது இன்னிங்ஸில் லீ மே மூன்று ஓட்டங்களுக்கான ஹோம் ரன் அடித்து 6-5 என்று ரெட்ஸுக்கு அத்தொடரின் ஒரே வெற்றியைத் தந்தார். அக்டோபர் 15-ஆம் தேதி 9-3 என்ற கணக்கில் எல்லாம் முடிந்தது. கடைசி இன்னிங்ஸில் பெஞ்ச் ஃபவுல் கோட்டுக்கு அப்பால் அடித்த பந்தை மறுபடியும் பாய்ந்து பிடித்ததும் அவரே. பாட் கொராலஸ் உருட்டிய கடைசிப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு அனுப்பியதும் அவரே.

ஐந்து ஆட்டங்களில் 21-க்கு 9 ஹிட், சராசரி .429, இரண்டு ஹோம் ரன், இரண்டு இரட்டை பேஸ் அடிகள். ஒற்றை அடிக்கு ஒன்றாகவும் ஹோம் ரன்னுக்கு நான்காகவும் பேஸ்களைக் கூட்டினால் 17. ஐந்தாட்டத் தொடர் ஒன்றில் அதுகாறும் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும், அதோடு ஒரு மோட்டார் காரும் அவருக்குக் கிடைத்தன. கார்தான் வேண்டுமென்று தெரிந்திருந்தால் நாங்களே பணம் திரட்டி வாங்கிக் கொடுத்திருப்போமே என்று பெஞ்ச் பரிகாசம் செய்தாராம். இங்கே ஒரு சூக்ஷ்மம் உண்டு. அதே அணியின் பால் பிளேர் 19-க்கு 9 ஹிட் அடித்து .474 என்ற உயர்ந்த சராசரி பெற்றிருந்தார். விருது கொடுத்தவர்கள் மட்டைக் கணக்கை மாத்திரம் பார்த்திருந்தால் போட்டி இவ்வளவு ஒருதலையாக இருந்திராது.

காவலர்களை அளக்கப் பழைய காலத்தவர் வைத்திருந்த சாதனம் ஒன்றே: தம்மிடம் வந்த வாய்ப்புகளில் எத்தனையைப் பிழையின்றி முடித்தார் என்ற விகிதம். 1970-ஆம் பருவத்தில் ராபின்சனுக்கு 17 பிழைகள், விகிதம் .966. இந்த அளவையில் ஒரு பெருங்குறை இருக்கிறது. எட்டாத பந்தை எட்ட முயலாமலே நிற்கிறவருக்குப் பிழை ஏற்படுவதில்லை. அது எதிராளியின் ஹிட்டாகப் பதிவாகிவிடுகிறது. எட்டிப்பிடித்து எறிவதில் தவறுகிறவருக்கே பிழை. ஆகவே அதிகமாக உழைக்கிறவரை அதிகமாகத் தண்டிக்கும் இயல்பு அதற்கு உண்டு. 1960 முதல் 1975 வரையில் தொடர்ந்து பதினாறு வருஷங்கள் அவருக்குத் தங்கக் கையுறைப் பரிசை அளித்தவர்கள் இந்த விகிதத்தைக் காட்டிலும் தங்கள் கண்ணையே அதிகமாக நம்பியிருக்க வேண்டும்.

பிற்காலத்தில், பழைய ஆட்டக் குறிப்புகளை ஆர்வலர்கள் தேடித் தொகுத்து, ஒவ்வொரு பந்தும் எங்கே அடிக்கப்பட்டது, யாரால் தடுக்கப்பட்டது என்பதைக் கூடியமட்டும் மீட்டெடுத்தார்கள். அதைக் கொண்டு, சாமானியமான மூன்றாம் பேஸ்காரர் ஒருவரைவிட ராபின்சன் எத்தனை ஓட்டங்களைத் தடுத்தார் என்று கணித்தபோது, அவர் வாழ்நாள் கணக்கு 290-ஐ ஒட்டி வந்தது. எந்த ஸ்தானத்திலும் வேறொருவரும் அத்தனை எட்டவில்லை. ஸ்தானத்தின் சிரமத்தையும் சேர்த்து எண்ணும் மற்றொரு முறையில் ஓஸி ஸ்மித் முதலாவதாகவும், மார்க் பெலாஞ்சர் இரண்டாவதாகவும், ராபின்சன் மூன்றாவதாகவும் வருகிறார்கள். இந்தப் பெலாஞ்சர் வேறு யாருமல்லர். 1970-இல் ராபின்சனுக்கு இடப்பக்கத்தில் நின்ற ஓரியோல்ஸ் ஷார்ட்ஸ்டாப்பேதான். சரித்திரத்தின் மிகச் சிறந்த மூன்று காவலர்களில் இருவர் ஒரே அணியில், அடுத்தடுத்த ஸ்தானங்களில் நின்றிருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் அவர்களுக்கு முன்னால் நின்று பந்தெறிந்த குயெலருக்கு 24, மக்நாலிக்கு 24, பாமருக்கு 20 என்று வெற்றிகள் பதிவாயின. அவற்றில் எத்தனையை 5-க்கும் 6-க்கும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும் என்ற கணக்கை அப்போது யாரும் போட்டுப் பார்க்கவில்லை.