வெயிற்கால வேலையும் கையுறையும்

சிறுபோகத்தில் மிளகாய்த் தோட்டத்துக்கோ நெல்வயலுக்கோ மருந்து தெளிக்குங் கமக்காரர் பலர், கையுறையை அணிந்து கால் மணி நேரஞ் செல்லுமுன் அதைக் கழற்றி வரம்பில் வைத்துவிடுவதுண்டு. கை வேகின்றது என்பதே அவர்கள் கூறுங் காரணம். அக்கூற்று உண்மையே.

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியசு ஆகும். வேலை செய்யுந் தசைகளில் உண்டாகும் வெப்பம் பெரும்பாலுந் தோலின் வழியாகவே வெளியேறல் வேண்டும். சுற்றுக் காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்கும்போது, வியர்வை ஆவியாதல் ஒன்றே போதிய வழியாக எஞ்சும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகுங்கால் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. வழிந்து நிலத்தில் விழும் வியர்வையோ உடலைக் குளிர்விப்பதில்லை. கைகள் உடற்பரப்பில் சுமார் இருபதில் ஒரு பங்கேயெனினும், வெயிற்காலத்தில் அவற்றிற் குருதி மிகுதியாகப் பாய்வதால், வெப்பத்தைப் போக்குவதில் அவற்றின் பங்கு பெரிது.

பருத்தியாலும் தோலாலுஞ் செய்த கையுறைகள் ஆவியை ஓரளவு வெளியே விடும். முட்செடி வெட்டுதற்கு அவை ஏற்றவை. பூச்சிநாசினிக்கு ஆகா, மருந்தை உறிஞ்சித் தோலோடு அணைத்து வைத்திருக்குமாதலால் வெறுங்கையினுங் கேடு விளைக்கக்கூடும். நைத்திரைல் இறப்பர்க் கையுறை மருந்தை மறிக்கும். வியர்வை ஆவியையும் மறிக்கும். உட்புறத்தில் துணி ஒட்டியதை வாங்காதிருத்தல் நன்று. துணியில் மருந்து ஊறினாற் கழுவிப் போக்குதல் அரிது. வெப்பத்தாலும் ஈரத்தாலும் நெகிழ்ந்த தோல் நஞ்சை எளிதில் உள்ளிழுக்கும்.

ஆகவே மாற்றத்தக்கது வேலை நேரமே. காற்று அமைதியான காலை வேளையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் தெளித்து முடித்தல் வேண்டும். செறிந்த மருந்தை அளந்து கலக்குஞ் சில நிமிடங்களே கைக்கு மிக ஆபத்தானவை. அப்பொழுது எவ்வளவு புழுங்கினுங் கையுறையைக் கழற்றலாகாது. ஓய்வெடுக்கும்போது, கையுறையை அணிந்தபடியே சவர்க்காரநீராற் கழுவிப் பின் கழற்றி, கையையும் முகத்தையுங் கழுவி, நிழலிலிருந்து நீர் பருகுக. இரண்டு சோடி வைத்திருப்போர் ஒன்று உலர மற்றதை அணியலாம்.

தலையிடி, குமட்டல், மயக்கம், மிகுந்த வியர்வை ஆகியன வெப்பத்தாலும் வரும். சேதன பொசுபரசு நஞ்சாலும் வரும். கண்மணி சுருங்குதல், உமிழ்நீர் பெருகுதல், தசை துடித்தல் என்பன நஞ்சைக் குறிப்பன. எதுவென வயலில் நின்று ஆராயாது, வேலையை உடனே நிறுத்தி, உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டுடன் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.