பெரிய எஞ்சின், பெரிய கணக்கு

திருவனந்தபுரம் மேடு பள்ளங்களால் ஆன நகரம். இங்கே எந்தச் சாலையும் நெடுந்தூரம் ஒரே மட்டத்தில் செல்வதில்லை. நகரை விட்டுப் பொன்முடிக்குப் புறப்பட்டாலோ, மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. இத்தகைய நிலத்தில் கார் ஓட்டுவோர் எஞ்சினின் வலிமையைப் பற்றி ஆர்வத்துடன் பேசுவதில் வியப்பில்லை. கார்க் கடன் நாடி நம்மிடம் வரும் வாடிக்கையாளர்களுள் ஒரு சாரார், வட்டி விகிதத்தைக் கேட்பதற்கு முன்பே எஞ்சினின் சி.சி. அளவைச் சொல்லி மகிழ்வர். அவ்வார்வலர்களின் அனுபவத்தையும், அதற்குப் பின்னால் உள்ள கணக்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

எது பெரிய எஞ்சின்?

எஞ்சினின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் சென்றுவரும் இடத்தின் மொத்தக் கன அளவே அதன் கொள்ளளவு. 1000 சி.சி. என்பது ஒரு லிட்டர். ஆனால் எந்த அளவைப் பெரிது என்று கொள்வது என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. அம்பாசிடர் காரில் பல்லாண்டுக் காலம் இருந்தது 1489 சி.சி. எஞ்சின். பிரீமியர் பத்மினியில் 1089 சி.சி.; மாருதி 800-இல் 796 சி.சி. மட்டுமே. திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களில் வாங்கி, நெடுங்காலம் தம்முடன் வைத்திருந்த மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரின் கொள்ளளவு ஏறத்தாழ 1.8 லிட்டர்தான். சி.ஏ.என். 42 என்னும் பதிவெண் கொண்ட அக்காரைத் திருவனந்தபுரம் இன்றும் மறக்கவில்லை. இன்றைய பெரிய கார்கள் பலவற்றின் எஞ்சினுடன் ஒப்பிட்டால் அது சிறியதே. ஆயினும் உரிமையாளரின் பற்று சி.சி. அளவைப் பார்த்து வருவதில்லை என்பதற்கு அக்கார் நல்ல சான்று.

கொள்ளளவு மட்டுமே வலிமை ஆகிவிடாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்னும் காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் ரோவர் காரைப் போன்ற அழகிய தோற்றம். உள்ளே இருந்ததோ பழைய வடிவமைப்பைச் சேர்ந்த 1991 சி.சி. எஞ்சின். தோற்றத்துக்கேற்ற வேகமும் இல்லை, எரிபொருள் சிக்கனமும் இல்லை. சில ஆண்டுகளிலேயே அதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

ஆர்வலர்கள் அடையும் இன்பம்

பெரிய எஞ்சினின் சிறப்பு அதன் உச்ச வேகத்தில் இல்லை என்பதே அனுபவமுள்ளோர் பலரும் சொல்வது. குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவிசைதான் அதன் சிறப்பு. எழுவர் அமர்ந்து, பொருள்களும் ஏற்றி, குளிர்சாதனமும் இயங்க, பொன்முடி ஏற்றத்தில் சிறிய எஞ்சின் அடிக்கடி கியர் மாற்றச் சொல்லும். 2393 சி.சி. இன்னோவா கிரிஸ்டாவோ, 2755 சி.சி. ஃபார்ச்சூனரோ அதே ஏற்றத்தை முனகாமல் கடந்துவிடும். கேசவதாசபுரத்திலிருந்து அங்கமாலி வரை செல்லும் எம்.சி. சாலையில் ஒரு லாரியைத் தாண்ட வேண்டிய நேரத்தில், கைவசம் உள்ள இழுவிசை ஒரு பாதுகாப்பாகவும் அமைகிறது.

அதே வண்டி நகருக்குள் வேறு முகம் காட்டும். சாலை சந்தையின் நெரிசலிலும் கோட்டைப் பகுதியின் குறுகிய தெருக்களிலும் அந்த வலிமைக்கு வேலையில்லை. எரிபொருள் மட்டும் கரையும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி அமைந்த டீசல் கார்களில், புகையின் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. படிந்த கரி எரிந்து நீங்க வேண்டுமானால் வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நாள்தோறும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே ஊர்ந்து செல்லும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே இங்குள்ள உரிமையாளர்கள் சிலர், அவ்வப்போது கழக்கூட்டம் புறவழிச் சாலையில் வண்டியை ஓட்டி வருவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

ஆண்டுதோறும் வரும் செலவு

காரின் விலை ஒருமுறைதான் வரும்; எஞ்சினின் விலை ஆண்டுதோறும் வரும். முதலில் வரியைப் பார்ப்போம். நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, பெட்ரோலாயின் 1200 சி.சி., டீசலாயின் 1500 சி.சி. வரை உள்ளதே சிறிய கார் என்னும் வரையறை 2006-ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையில் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு. இதற்கு மேல் கேரள அரசின் சாலை வரி, காரின் விலை உயர உயர விகிதமும் உயரும் வகையில் அமைந்துள்ளது.

அடுத்தது கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீடு. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி. வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். புதிய கார் வாங்குவோர் மூன்றாண்டுத் தொகையைச் சேர்த்தே செலுத்த வேண்டும்.

எரிபொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் காருக்கு ஏறத்தாழ 667 லிட்டர் போதும். 10 கிலோமீட்டர் தரும் காருக்கு 1,200 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கிட்டால் வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 53,000 ரூபாய். ஐந்தாண்டுகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேல். எஞ்சின் ஆயில், டயர், பிரேக் ஆகியவற்றின் செலவும் கூடும்.

விதியும் சந்தையும் மாறும்

2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு, 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் வாகனங்களை, சில விலக்குகள் நீங்கலாக, கேரளத்தில் பதிவு செய்யலாகாது என ஆணையிட்டது. பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்கள் திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு நகரங்களில் ஓடலாகாது என்றும் கூறியது. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் தலையிட்டுத் தடை விதித்தது. ஆயினும் அந்தச் சில வாரங்களில், பெரிய டீசல் கார் வைத்திருந்தோரின் மனத்தில் எழுந்த கேள்வி ஒன்றே: நாளை இதை யார் வாங்குவார்? தில்லியிலும் 2015 டிசம்பர் முதல் எட்டு மாதங்கள் இத்தகைய தடை நீடித்தது.

தயாரிப்பாளரே விலகிச் செல்வதும் உண்டு. ஐந்து சிலிண்டர்களும் 3198 சி.சி. கொள்ளளவும் கொண்ட ஃபோர்டு எண்டெவருக்குத் தனி ஆர்வலர் கூட்டமே இருந்தது. 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. உதிரிபாகங்களும் பழுது பார்க்கும் சேவையும் தொடரும் என்று நிறுவனம் உறுதியளித்த போதிலும், மறுவிற்பனை விலையைப் பற்றிய கவலை உரிமையாளர்களைத் தொற்றிக்கொண்டது.

பழைய சொகுசுக் கார் வாங்குவோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அறுபது லட்சம் ரூபாய்க்கு விற்ற கார் பத்தாண்டுகளில் பன்னிரண்டு லட்சத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் உதிரிபாகங்கள் அறுபது லட்ச ரூபாய்க் காரின் உதிரிபாகங்களாகவே இருக்கும். விலை இறங்கியது வண்டிக்கு மட்டுமே, பராமரிப்புக்கு அன்று.

கடன் பெறும் முன்

இருபது லட்சம் ரூபாய்க் கடனை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 32,180 ரூபாய். மொத்த வட்டி ஏழு லட்சத்தைத் தாண்டும். ஐந்தாண்டுகளுக்குப் பெற்றால் தவணை 41,520 ரூபாய். வட்டி ஐந்து லட்சத்துக்குள் அடங்கும். தவணை குறைவாகத் தோன்றுவதனாலேயே நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுப்போர், இரண்டு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகச் செலுத்துகின்றனர். ஆகவே தவணையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், தவணை, எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு ஆகிய நான்கையும் கூட்டி மாதச் செலவைக் காணுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பன்னிரண்டு மாதங்கள் அந்தத் தொகையைத் தொடர் வைப்பில் செலுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. குடும்பச் செலவு முட்டாமல் அந்த ஆண்டு கழியுமானால், கார் வாங்கும் தகுதி உறுதியாகிவிடும், முன்பணமும் சேர்ந்திருக்கும்.

பெரிய எஞ்சின் மீதான ஆசை தவறன்று. பல்லாண்டுகள் மனநிறைவோடு அத்தகைய கார்களை வைத்திருப்போரை நாம் அறிவோம். அவர்கள் அனைவரும் செல்வந்தர் அல்லர். ஆனால் வாங்கிய பின் திகைக்காமல், வாங்கும் முன்பே கணக்கிட்டவர்கள். பொன்முடியின் ஏற்றத்தில் அவர்களால் எஞ்சினின் ஓசையை அமைதியாகக் கேட்க முடிகிறது.