ஒட்டுவதற்கு முன்பா, ஒட்டிய பிறகா?

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மாதம் ஒரு சுவர்ப் பத்திரிகை தயாரிக்கிறார்கள். சென்ற ஆண்டு ஓர் இதழுக்கு, குடிநீர்த் தொட்டியில் பாசி பிடித்திருப்பதைப் பற்றி ஒரு மாணவர் அரைப்பக்கம் எழுதியிருந்தார். மறுநாள் அதிகாரிகள் பார்வைக்கு வருவதாக இருந்தது. ஒட்டுவதற்கு முன்பே அந்தத் தாளை எடுத்து என் மேசைக்குள் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அடிப்படை உரிமைகள் பாடம். பேச்சுரிமையை விளக்கி முடித்ததும் அவர் எழுந்து கேட்டார்: "அப்போ என் கட்டுரையை ஏன் சார் எடுத்தீங்க?" என்னிடம் உடனே விடை இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அன்று மாலை படித்ததையும் மறுநாள் வகுப்பில் பகிர்ந்ததையும் இங்கே தருகிறேன்.

நம் அரசமைப்பில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனிப் பிரிவு கிடையாது. ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தரும் பிரிவு 19(1)(அ)-க்குள்ளேயே அது அடங்கும். பத்திரிகையாளருக்கு உள்ள உரிமை, சைக்கிளில் வந்து பத்திரிகை போடுபவருக்கும் உள்ள அதே உரிமைதான்.

இந்த உரிமை எளிதாக வந்ததல்ல. 1823-இல் ஆங்கிலேய ஆட்சி, பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும் என்றது. 1835-இல் மெட்காஃப் அதை நீக்கினார். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் இந்திய மொழி இதழ்களை மட்டும் குறிவைத்தது. ஆங்கில இதழ்களுக்கு அது பொருந்தாது. அச்சகத்தாரிடம் பிணைத்தொகை கேட்கலாம், அச்சு இயந்திரத்தைப் பறிமுதல் செய்யலாம். அதை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழியில்லை. ரிப்பன் பிரபு காலத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனாலும் அடக்குமுறை ஓயவில்லை. 1908-இல் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றதும், 'இந்தியா' இதழ் அங்கிருந்து வெளிவந்ததும் நம் மாணவர்கள் அறிந்த செய்திதான்.

விடுதலைக்குப் பிறகு நடந்த முதல் பெரிய வழக்கு சென்னையோடு தொடர்புடையது. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழை நடத்தினார். 1950 மார்ச் 1 அன்று, அது சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று மாகாண அரசு தடை விதித்தது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்து வாரங்கள்கூட ஆகவில்லை! தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26 அன்று வந்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், நம் மாகாணத்தைச் சேர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. அச்சிடும் உரிமை இருந்து, மக்களிடம் கொண்டுசேர்க்கும் உரிமை இல்லையென்றால் பயனில்லை என்று சொல்லித் தடையை நீக்கியது நீதிமன்றம். 'பொது அமைதி' என்ற விரிந்த காரணம் பிரிவு 19(2)-இல் அன்று இல்லை. 'அரசின் பாதுகாப்பு' என்ற குறுகிய காரணமே இருந்தது.

மறு ஆண்டே நாடாளுமன்றம் முதல் திருத்தத்தின் மூலம் 'பொது ஒழுங்கு' உள்ளிட்ட காரணங்களைச் சேர்த்தது. கூடவே 'நியாயமான' என்ற ஒரு சொல்லும் சேர்ந்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் உரசிப் பார்க்க அந்தச் சொல்லே வழிவிடுகிறது. இன்று பிரிவு 19(2)-இல் எட்டுக் காரணங்கள் உள்ளன: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல். 'அதிகாரிக்குச் சங்கடம்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று என் மேசையையே தட்டியது. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட இருந்தது. அதில் அதிகாரிகள் மீது குற்றச்சாட்டுகள் இருந்ததால் நிறுத்த முயன்றார்கள். அவதூறு என்று கருதினால் வெளியான பிறகு சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். அதற்காக முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பு, தனிமனிதரின் அந்தரங்கத்துக்கும் வேலி போட்டது: பொது ஆவணங்களில் இல்லாத சொந்த வாழ்க்கைச் செய்திகளை அவர் இசைவின்றி எழுதக்கூடாது.

பள்ளி ஓர் அரசாங்கமல்ல. மாணவர் எழுதுவதை நாம் படித்துப் பார்க்கத்தான் வேண்டும். பத்திரிகைக்கும் ஆசிரியர் உண்டு, வகுப்புக்கும் ஆசிரியர் உண்டு. பிழை திருத்துவது இருவருக்கும் வேலை. நான் செய்தது அதுவல்ல. நான் மறைத்தேன்.

இதை வகுப்பில் ஒப்புக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு எல்லோருமாகப் படித்தோம். 'தொட்டியை யாரும் கழுவியதே இல்லை' என்ற வரி உண்மையா என்று ஒரு மாணவி கேட்டார். விசாரித்ததில், காலாண்டு விடுமுறையில் கழுவியது தெரிந்தது, வரி திருந்தியது. தூய்மைப் பணியாளரின் பெயரும் இருந்தது. பாசிக்கு அவர் ஒருவரே பொறுப்பல்ல என்று பேசி அதையும் எடுத்தார்கள். பாசி பற்றிய செய்தி அப்படியே நின்றது. கட்டுரை சுவரேறியது.

நீங்களும் முயன்று பாருங்கள். ஒரு செய்தியைக் கொடுத்து மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இது உண்மையா? இதனால் யாருக்காவது அநியாயம் நேருமா? தடுக்க வேண்டுமென்றால், எந்தக் காரணத்துக்காக? மூன்றாவது கேள்விக்கு, முதலில் நம்மிடமே விடை இருக்க வேண்டும்.